எடுக்கச் சொன்ன மூட்டைகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

இன்னும் மூன்று வாரத்தில் நான் இந்த வேலையிலிருந்து விலகுகிறேன். கல்யாணத்துக்காக அல்ல, மேற்படிப்புக்கு. யாராவது கேட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குச் சொல்லி அலுத்துவிட்டது.

ஏழு வருடமாக ஏற்காடு மலையிலுள்ள தொழிற்கூடங்களுக்கும் விடுதிகளுக்கும் தீ பாதுகாப்பு ஆய்வு செய்து வந்தேன். கோப்புகள் வரிசையாக இருக்கின்றன. மேல் தட்டில் காப்பிக் கூடங்கள், நடுவில் விடுதிகள், கீழே பள்ளிகள். எந்தப் படிவம் எதற்கு, எந்தக் கூடத்தில் யாரைக் கூப்பிட வேண்டும், எந்தச் சாலையில் மழைக்காலத்தில் ஸ்கூட்டி ஏறாது என்பதையெல்லாம் தனித் தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இது அந்தத் தாள் அல்ல.

இது மேல் தட்டில், சிவப்பு நாடா கட்டிய கோப்பைப் பற்றியது. திறந்தால் ஒரே மாதிரியான நான்கு ஒத்திகைத் தாள்கள் இருக்கும். தீ விபத்து ஏற்பட்டால் எல்லோரும் எவ்வளவு வேகமாக வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பதற்கான ஒத்திகை. நான்காவது தாளில் இப்படி இருக்கும்: "அன்று வேலையில் இருந்தவர்கள் 38. வெளியேறியவர்கள் 38. நேரம் 2 நிமிடம் 50 விநாடி. மிக நன்று." கீழே என் கையெழுத்து. அந்தத் தாள்களில் பொய்யான எண் ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் அவற்றைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

கூடத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது எளிதாகப் புரியும். வெள்ளக்கடைக்குப் போகும் பக்கத்தில், மலைச் சரிவில் கட்டிய காப்பிக் கூடம் அது. மேல் பக்கம் முன்வாசல். அதில் சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்தளம், சிமென்ட் பூசி, கைப்பிடி வைத்து, மஞ்சள் வர்ணம் அடித்தது. முதலாளிக்கு அதில் பெருமை, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். முன்வாசலை ஒட்டியே விறகு எரித்துக் காப்பிக்கொட்டையைக் காயவைக்கும் டிரையர். பக்கவாட்டில் இன்னொரு கதவு, அங்கிருந்து எட்டுப் படி ஏறினால் காப்பி உலர்த்தும் களம். கீழ்ப் பக்கம், அதாவது கட்டடத்தின் பின்புறம், லாரிக்கு லோடு ஏற்றும் மேடை. அந்த மேடைக்கும் கீழே லாரி நிற்கும் தரைக்கும் நாலரை அடி இறக்கம். மேடையை ஒட்டி ஒரு சின்ன அறை, மாதிரி அறை என்பார்கள். வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி கொட்டையை எடுத்து ஈரப்பதம் பார்ப்பது அங்கேதான்.

அந்த அறையில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள்.

காளியப்பன் மாரமங்கலத்துக்காரர், நாற்பதை நெருங்குபவர். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. பின்னால் கூடுதலாக இரண்டு சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வேலைக்கு வருவார், உள்ளே சக்கர நாற்காலி. லூர்துவுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் இல்லை. முப்பது வயதுப் பெண். இருவருக்கும் இடையில் அவர்களே உண்டாக்கிக்கொண்ட ஒரு கைப்பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். முக்கால்வாசி கேலி என்று பார்த்தாலே தெரியும்.

என் ஆய்வுப் பட்டியலில் இருவருக்கும் ஒரே ஒரு வரி இருந்தது. "மாற்றுத்திறனாளிப் பணியாளர்: 2. சாய்தளம்: உண்டு." அதன் பக்கத்தில் ஒரு டிக்.

அதே பட்டியலில் பதினான்காவது வரி மட்டும் ஒவ்வொரு முறையும் டிக் வாங்காமல் நின்றது. லோடு மேடைக்குக் கீழே, சுவரை ஒட்டி, காப்பி உமி அடைத்த ஆறு சாக்கு மூட்டைகள் கிடக்கும். லாரி வந்து நிற்கும் இடம், ஆள் நடக்கும் வழி, போதாததற்கு உமி எளிதில் தீப்பிடிக்கும். எடுக்கச் சொல்லி எழுதினேன். அடுத்த ஆய்வில் அதே இடத்தில் அதே ஆறு. மறுபடி எழுதினேன். மூன்றாவது முறையும் இருந்தன.

அன்று காலை, சண்முகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்தக் கூடத்தின் ரைட்டர், ஆட்களையும் வருகைப் பதிவையும் பார்த்துக்கொள்பவர். ஐம்பது வயது, பொறுமைசாலி.

"ஏனுங்க மேடம், நானும் ஒவ்வொரு தடவையும் எடுத்துப் போடறனுங்க. மறுநாளு பாத்தா அங்கயேதான் கெடக்குது. மூட்டைக்குக் காலு மொளச்சிருச்சாட்ட இருக்குது!"

"இன்னைக்கு என் கண் முன்னாடியே எடுங்க" என்றேன்.

இரண்டு ஆட்கள் வந்து ஆறு மூட்டைகளையும் நாற்பது ஐம்பது அடி தள்ளியிருந்த உமிக் கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் போட்டார்கள். "இங்கே மூட்டைகள் வைக்கக் கூடாது" என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, மேடைச் சுவரில் ஒட்டினேன். காளியப்பன் அறை வாசலில் நாற்காலியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அது அங்கயே கெடந்தா என்னங்க? யாரு மடியில உக்காந்துச்சு?"

"யாராவது தடுக்கி விழுவாங்கண்ணா."

"மேல இருந்து உழுவறவன் மூட்டை இருந்தா மெத்துன்னு உழுவானுங்களே."

"ரூல்னா ரூல்தாண்ணா."

"சரிங்க. ரூல்சு படிச்சவங்க நீங்க. நான் எட்டாவது, அதுவும் பாதி."

அவருக்குப் பின்னால் நின்ற லூர்து என்னைப் பார்த்துத் தன் நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டு உள்ளே போனாள். கோபம் என்று புரிந்தது, எதற்கென்று கேட்கவில்லை. பதினான்காவது வரிக்கு டிக் போட்டேன். அப்போது மணி பதினொன்று.

மூன்று மணிக்கு டிரையரின் அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் குவிந்திருந்த உமி பற்றிக்கொண்டது.

தீ பெரிதல்ல, புகைதான் பெரிது. உமிப் புகை மஞ்சளாக, கனமாக, தரையோடு ஊர்ந்து வரும். மணி அடித்தது. மீதி ஆய்வுக்காக நான் அப்போதும் அங்கேதான், களத்தில் இருந்தேன். கொட்டை பொறுக்கும் பெண்களும் மெஷின் ஆட்களும் பக்கவாட்டுக் கதவு வழியாக எட்டுப் படி ஏறி வந்தார்கள். கத்தல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, நான்கு ஒத்திகையில் பழகிய கால்கள். சண்முகம் ஒத்திகைக்கென்று பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்த பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது.

"முப்பத்தெட்டுங்க மேடம். எல்லாரும் வந்தாச்சு."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. ஒத்திகையைவிடப் பத்து விநாடி குறைவு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துவிட்டு உங்களுக்கு மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை. புகை வந்துகொண்டிருக்கும் கட்டடத்துக்கு எதிரில் நின்றுகொண்டு, என் பயிற்சி வேலை செய்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அப்போதுதான் களத்து ஓரத்தில், மரத்தடியில், பின்னால் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் நிற்பதைப் பார்த்தேன்.

"ரைட்டர், காளியப்பண்ணா எங்க?"

சண்முகம் ஸ்கூட்டரைப் பார்த்தார். கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.  அவர் சொன்ன வாக்கியம் இன்றும் அப்படியே என் காதில் இருக்கிறது.

"அய்யய்யோ… இன்னிக்கு டிரில்லு இல்லீங்களே மேடம். அவங்க ரெண்டு பேரும் வந்திருக்காங்க."

அந்த இடத்தில் எனக்கு முழுவதும் புரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.  நான்கு தாள்களிலும் முப்பத்தெட்டு என்ற எண் ஏன் மாறவே இல்லை என்ற கேள்வி வந்தது. அதைப் பிறகு பார்க்க வேண்டும் என்று ஒதுக்கியதும் நினைவிருக்கிறது.

இரண்டு இளைஞர்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்கு ஓடினார்கள். நான் குறுக்கே நின்று நிறுத்தினேன். என் தலை பட்டியலாகத்தான் யோசிக்கும், அது ஒன்றுதான் அன்று உதவியது. ஒன்று, முன்வாசல்: சாய்தளம் இருக்கிறது, பக்கத்திலேயே தீ. இரண்டு, பக்கவாட்டுக் கதவு: எட்டுப் படி, நாற்காலி ஏறாது, நடை முழுக்கப் புகை. மூன்று, லோடு மேடை: நாலரை அடி இறக்கம். காளியப்பன் யோசிக்கத் தெரிந்த மனிதர். இருந்தால் மேடையில்தான் இருப்பார். உள்ளே போகிறவர்கள் அவரைத் தாண்டிப் புகைக்குள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

"யாரும் உள்ள போகாதீங்க. ஓஸ் பைப்பை டிரையர் பக்கம் திருப்புங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு கீழே ஓடினேன்.

மேடையின் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. அதன் கீழிருந்து புகை வழிந்து வந்தது. காளியப்பன் நாற்காலியிலிருந்து இறங்கி மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கால்களும் கீழே தொங்க. லூர்து தரையில் இருந்தாள். உமிக் கொட்டகையிலிருந்து ஒரு மூட்டையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். சுவரை ஒட்டி ஏற்கெனவே ஒரு மூட்டை கிடந்தது. காலையில் எங்கிருந்து எடுக்கச் சொன்னேனோ சரியாக அந்த இடத்தில்.

லூர்து என்னைப் பார்த்தாள். நிற்கவில்லை. தாடையால் கொட்டகையைக் காட்டினாள்.

"மேடம்" என்றார் காளியப்பன், இருமிக்கொண்டே. "ஆறு மூட்டைங்க. அடியில மூணு, அதுக்கு மேல ரெண்டு, அப்பறம் ஒண்ணு. அடுக்கத் தெரியுமுங்களா? எடுக்க மட்டுந்தான் தெரியுமா?"

ஓடினேன். உமி மூட்டை கனமில்லை, ஆனால் பிடி கிடைக்காது. என் முதல் மூட்டை வழியில் அவிழ்ந்து பாதி கொட்டிப்போனது. லூர்து இன்னொன்றை இழுத்து வந்தாள், நான் ஒன்று. மொத்தம் நான்கரை மூட்டை சேர்ந்தபோது ஷட்டருக்கு அடியில் புகை கறுப்பாக மாறியது. மேலே எதுவோ வெடித்த சத்தம் கேட்டது. காளியப்பன் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி முன்னால் விட்டார். மூட்டைமேல் விழுந்து, சரிந்து, ஒரு பக்கமாகத் தரையில் வந்து கிடந்தார். லூர்து மேடைமேல் தாவி நாற்காலியை மடக்கிக் கீழே தள்ளிவிட்டுக் குதித்தாள்.

வெளிச்சத்துக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "ஒண்ணே முக்கா நிமிசத்துல எறங்கற ஆளுங்க நாங்க. இன்னிக்கு மானம் போச்சு."

தீயணைப்பு வண்டி மலையேறி வருவதற்குள் கூடத்து ஆட்களே தண்ணீர் அடித்து அணைத்துவிட்டார்கள். டிரையரின் ஒரு பக்கமும் கூரையில் கொஞ்சமும் போயின. காளியப்பனுக்குச் சிராய்ப்பு மட்டும் என்றுதான் நினைத்தோம். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றியபோது வலது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எலும்பு முறிந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. வலி தெரியாத கால், அவருக்கும் தெரியவில்லை. ஆறு மூட்டையும் இருந்திருந்தால் அந்தக் கால் மூட்டைமேல் இறங்கியிருக்கும்.

அன்று இரவுக்குள் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலாவதைச் சண்முகம் சொன்னார். ஒத்திகைத் தேதியை நான் ஒரு வாரம் முன்னதாகக் கடிதத்தில் அனுப்புவேன். அந்த நாளில் அவர் இருவருக்கும் பர்மிஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மாதிரி அறைக்குப் பூட்டு. நான் வந்ததும் அன்றைய வருகைப் பதிவைக் கொடுப்பார், முப்பத்தெட்டு. வெளியே வருவதும் முப்பத்தெட்டு.

"பாவம், அவங்கள எதுக்குங்க அலக்கழிக்கோணும்னு நெனச்சனுங்க. அத்தன பேரு ஓடயில அந்தப் புள்ள மெரண்டுக்கும். அவனத் தூக்கறேன்னு எவனாச்சும் கீழ போட்டான்னா? உங்க டைமும் கெட்டுப் போவுமுங்க. நீங்களும் ஒவ்வொரு தடவையும் நொம்ப நல்லாயிருக்குன்னு சொல்லிட்டுத்தான போனீங்க?"

அவர் அழுதார். அவர்மேல் கோபப்பட எனக்கு வரவில்லை. நான்கு முறை அந்தப் பதிவேட்டை என் கையில் வாங்கியிருக்கிறேன். எண்ணைப் பார்த்தேன், எந்த இரண்டு பெயர் இல்லை என்று ஒரு முறையும் பார்க்கவில்லை. முப்பத்தெட்டுப் பேருக்கும் நான் சொல்லிக்கொடுத்தது, அந்த இருவர் இல்லாமல் வெளியேறுவது எப்படி என்று. நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவதைக் காளியப்பன் சொன்னார், காலில் மாவுக்கட்டோடு.

"மொத டிரில்லு அன்னிக்கு ஊட்டுக்குப் போன்னாங்க. சரின்னு போனோம். ரெண்டாவது தடவ லூர்துதான் கையாட்டிக் கேட்டா, நெசமாலுமே தீப்பிடிச்சா அன்னிக்கும் பர்மிஷன் குடுப்பாங்களான்னு. அப்பறந்தான் யோசிச்சோமுங்க. சாயங்காலம் எல்லாரும் போனதுக்கப்பறம், லூர்து பஸ்ஸு வர்றதுக்குள்ள, நாங்களே ஒரு டிரில்லு. மூட்டைய அடுக்கறது அவ, உருண்டு எறங்கறது நானு. மொதல்ல அஞ்சு நிமிசமாச்சு. அப்பறம் ஒண்ணே முக்கா."

"காலையில எங்கிட்ட ஏண்ணா சொல்லல?"

"சொன்னா எதுக்குத் தனியா டிரில்லு பண்றீங்கன்னு கேப்பீங்க. டிரில்லுல எங்களச் சேக்கறதில்லைன்னு சொல்லோணும். ரைட்டரு மாட்டிக்குவாரு. இந்த வேலையில என்னய உக்கார வச்சதே அவருதானுங்க. மூட்டைதான, மறுநாளு மறுபடி அடுக்கிக்கலாம்னு உட்டுட்டேன். மத்தியானமே பத்தும்னு யாரு கண்டா?"

தங்கள் உயிருக்கு அவர்கள் செய்துகொண்ட ஒரே ஏற்பாடு, என் கோப்பில் மூன்று முறை குற்றமாகப் பதிவாகியிருந்தது. மூன்றாவது முறை, "தொடர் விதிமீறல்" என்று அடிக்கோடு போட்டிருந்தேன்.

மறுநாள் காலை முதலாளியின் அறையில் கூட்டம். அவர், சண்முகம், காளியப்பன், லூர்து, நான். முதலாளி இரவெல்லாம் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. நல்லவர், அதனால்தான் அவர் சொன்னது இன்னும் பயமாக இருந்தது.

"காளியப்பா, ஒரே முடிவுக்கு வந்துட்டேன். இனிமே நீயும் லூர்தும் ஊட்லயே இருங்க. சம்பளம் மாசாமாசம் ஊட்டுக்கே வந்துரும், ஒரு கொறையும் இருக்காது. உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுட்டு மாரமங்கலத்துக்கு வருவேன்?" என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்களும் ரிப்போர்ட்ல அப்படியே எழுதிருங்க. இந்த மாதிரி ஆளுங்களுக்கு இந்த எடம் பாதுகாப்பில்லைன்னு. நீங்க எழுதுனா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க."

அறிக்கையின் முதல் வரைவு என் பைக்குள் இருந்தது. அதன் ஒன்பதாவது வரியை முந்தின நாள் ராத்திரியே எழுதியிருந்தேன்: "தாமாக வெளியேற இயலாத பணியாளர்களை, மறு ஏற்பாடு செய்யும்வரை பணியில் அமர்த்தாதிருப்பது நலம்." முதலாளி கேட்பதற்கு முன்னாலேயே, யாரும் சொல்லாமலேயே எழுதியிருந்தேன். அலுவலகத்தில் எனக்கு மேலிருந்தவர் அன்று காலை ஃபோனில் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "மூட்டை விவகாரத்தை எழுதாதே. வழியிலிருந்த தடை அகற்றப்பட்டிருந்தது, அவ்வளவு போதும். நம்ம பேரு கெடக் கூடாது."

காளியப்பன் முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரத்துல இருந்து உழுந்தப்பறம் நாலு வருசம் ஊட்டுச் சொவத்தப் பாத்துட்டுப் படுத்திருந்தனுங்க. அந்தச் சொவத்துல எத்தன வெடிப்பு இருக்குதுன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். இப்பச் சம்பளம் குடுத்து அதையே பாக்கச் சொல்றீங்களா?"

முதலாளி, "உன் நல்லதுக்குத்தான் சாமி…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

காளியப்பன் கையாட்டிச் சொன்னதைப் பார்த்ததும் லூர்து எழுந்து வெளியே போனாள். அழப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தாள், கையில் ஒரு தாள். மேடைச் சுவரிலிருந்து கிழித்தது. புகைபட்டு ஓரம் பழுப்பேறியிருந்தது. அதை மேசைமேல் என் முன்னால் வைத்து நீவிவிட்டாள். "இங்கே மூட்டைகள் வைக்கக் கூடாது." என் கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள். பிறகு அந்த விரலை எடுத்து என் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். பிறகு காளியப்பனின் மாவுக்கட்டைக் காட்டினாள். அவ்வளவுதான். போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதலாளிக்குப் புரியவில்லை. "என்ன சொல்லுது இந்தப் புள்ள?"

அந்த அறையில் அதைச் சொல்லக்கூடியவர்கள் மூவர் இருந்தோம். சண்முகம் தலை குனிந்திருந்தார். காளியப்பன் என்னைப் பார்த்தார், அவசரப்படாமல். அவர் எனக்காகவும் பேசாமல் இருந்துவிடுவார் என்று தோன்றியது, ரைட்டருக்காக இருந்த மாதிரி. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"சார், இவங்களால தாமா வெளியேற முடியும்" என்றேன். "வழி வச்சிருந்தாங்க. பல மாசமா பழகியிருந்தாங்க. நேத்து காலையில பதினோரு மணிக்கு அந்த வழியை எடுத்தது நான்."

முழுவதையும் சொன்னேன். சண்முகம் பாதியில் எழுந்து, பர்மிஷன் விஷயத்தை அவரே சொன்னார்.  முடிந்ததும் முதலாளி அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். காளியப்பனைப் பார்த்தார்.

"இத்தன நாளா என் கூடத்துலயே, எனக்குத் தெரியாம, டிரில்லா?"

"உங்க டிரில்லுல எடமில்லீங்களே."

அறிக்கையை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஒன்பதாவது வரியை அடித்தேன். முதல் வரி இது: "பணியாளர் இருவர் தாமே அமைத்துப் பழகியிருந்த வெளியேறும் வழியை, காரணம் விசாரிக்காமல், ஆய்வாளரான நான் அகற்றச் செய்தேன்." இரண்டாவது, நான்கு ஒத்திகைச் சான்றுகளையும் நானே திரும்பப் பெறுகிறேன். மூன்றாவது, லோடு மேடையிலிருந்து தரைக்கு நிரந்தரச் சாய்தளம், தீயிலிருந்து தள்ளியிருக்கும் பக்கம் அதுதான் என்பதால். நான்காவது, மணியோடு சேர்ந்து எரியும் விளக்கு, மாதிரி அறை உட்பட எல்லா அறையிலும். ஐந்தாவது, இனித் தேதி சொல்லாமல்தான் ஒத்திகை. மேலதிகாரி இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

சாய்தளம் கட்டி முடிக்க நான்கு மாதம் ஆனது. அதுவரை காளியப்பனும் லூர்துவும் வேலைக்கு வந்தார்கள். மேடைக்குக் கீழே ஆறு மூட்டைகள் கிடந்தன, உமிக்குப் பதிலாக மணல் கலந்த மண் அடைத்தவை, ஒன்றோடொன்று கட்டியவை. உமியைப் பற்றி நான் எழுதியிருந்ததும் தப்பில்லை என்று காளியப்பனே ஒப்புக்கொண்டார். சுவரில் புதிய தாள்: "இந்த மூட்டைகளை யாரும் எடுக்கக் கூடாது." அதிலும் என் கையெழுத்துதான். லூர்து அதைப் படித்துவிட்டுத் தன் கையால் ஒரு பக்கம் கூடுதலாக டேப் ஒட்டினாள்.

அதன்பின் நடந்த ஒத்திகையோடு முடிக்கிறேன். தேதி சொல்லாமல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை போய் மணியை அடித்தேன். மாதிரி அறையில் விளக்கு எரிந்தது. லூர்து காளியப்பனின் தோளில் ஒரு தட்டு தட்டினாள், இருவரும் சாய்தளத்தில் இறங்கி வெளியே வந்துவிட்டார்கள். ஒரு நிமிடம் பத்து விநாடி. ஆனால் மூன்று ஆட்கள் அவர்களைக் காப்பாற்றுவதற்காக உள்ளே புகுந்து, அறையில் இல்லை என்றதும் கழிப்பறை, கிடங்கு, மெஷின் பக்கம் என்று பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே தேடினார்கள். காளியப்பன் கீழே நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். குரல் கொடுக்கவில்லை.

"கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமில்லண்ணா?" என்றேன்.

"இருங்க மேடம். நாலு தடவ தேடாம போனாங்க. ஒரு தடவ நல்லாத் தேடட்டும்."

சண்முகம் பழைய பிளாஸ்டிக் உறையை எறிந்துவிட்டிருந்தார். வருகைப் பதிவேட்டையே கையில் எடுத்து வந்து நாற்பது பெயர்களையும் வாசித்தார். லூர்துவின் பெயர் வந்தபோது கையைத் தூக்கிக் காட்டினார், அவளும் தூக்கினாள். நாற்பதாவது பெயருக்குப் பதில் வந்தபோது ஆறு நிமிடம் நாற்பது விநாடி ஆகியிருந்தது.

முதலாளி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருக்கு ஏமாற்றம்.

"ஏனுங்க மேடம், முன்னெல்லாம் மூணு நிமிசந்தானுங்களே?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"முன்னெல்லாம் நாங்க ஊட்டுல இருந்தோமுங்க."

தாளில் ஆறு நிமிடம் நாற்பது விநாடி என்றே எழுதினேன். அது ஐந்தாவது தாள். முந்தைய நான்கையும் எடுத்துவிடலாமா என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். எடுக்க விடாதீர்கள்.